புயல் கடந்த பின் வரும் வாரங்கள்

அட்லாண்டிக் கடலில் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அந்த ஆறு மாதத்தில் ஒரு புயலுக்குப் பெயர் வைத்து, அது கரைப்பக்கம் திரும்புகிறது என்ற செய்தி வந்ததும் ஃபுளோரிடா, லூசியானா, டெக்சாஸ் கரையோர ஊர்களில் நடப்பதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பிளைவுட் பலகை விற்றுத் தீரும். தண்ணீர் பாட்டில் அடுக்கிய அலமாரி காலியாகும். பெட்ரோல் பங்கில் வண்டிகள் தெருமுனை வரை நிற்கும். ஜன்னலுக்குப் பலகை அடித்து, மூன்று நாளைக்கு டின் உணவும் டார்ச் விளக்குக்கு பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டால் வீடு தயார் என்பது பொது எண்ணம். இதில் எதுவும் தவறான வேலை இல்லை, செய்ய வேண்டியவைதான். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் காற்றடிக்கும் ஓர் இரவை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளின் சாவுக் கணக்கைப் புரட்டினால், அந்த இரவின் காற்றுக்குப் பலியானவர்கள் சிறு பங்குதான். பெரும்பாலோர் தண்ணீரில் போயிருக்கிறார்கள்; அதற்கடுத்து, புயல் போனபின் மின்சாரம் இல்லாத வாரங்களில் போயிருக்கிறார்கள். ஆகவே ஒரு வீடு தயாரா என்பதைப் புயலின் வலிமையை வைத்து அளப்பதைவிட, இந்த வீட்டுக்குத் தண்ணீர் வருமா, கரண்ட் இல்லாமல் இந்த வீட்டின் மிக நலிந்த ஆள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்ற இரண்டு கேள்விகளை வைத்து அளப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

தொலைக்காட்சியில் புயல் செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது 'இது எத்தனையாவது வகை?' என்றுதான். பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும் வானிலையாளர் ராபர்ட் சிம்சனும் 1970-களின் தொடக்கத்தில் வகுத்துத் தந்த அளவுகோல் அது. மணிக்கு 119 கிலோமீட்டர் வேகக் காற்று முதல் வகை. 252-ஐத் தொட்டால் ஐந்தாம் வகை. எந்த வகைப் புயலில் கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்ற மதிப்பீடும் முன்பு இதோடு ஒட்டியிருந்தது. அது நடப்போடு பொருந்தாததால் 2010-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது. கேட்பவர்களோ ஆபத்து முழுவதையும் அது சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். 2008-இல் கால்வெஸ்டனில் கரையேறிய ஐக் இரண்டாம் வகைதான். பக்கத்துப் பொலிவார் தீபகற்பத்தில் கடல் 15 முதல் 20 அடி வரை ஏறி, வீடுகள் நின்ற இடத்தில் வெறும் தூண்களை விட்டுப்போனது. 2018-இன் ஃபுளோரன்ஸ் முதல் வகை. வட கரோலினாவில் மெல்ல நகர்ந்து சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழையைக் கொட்டியது. 2017-இல் ஹூஸ்டனை மூழ்கடித்த நேரத்தில் ஹார்வி, சூறாவளி என்ற தகுதியையே இழந்திருந்தது. அந்தப் புயலில்தான் டெக்சாஸின் நீடர்லண்ட் என்னும் ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம்.

தேசியச் சூறாவளி மையத்தின் எட்வர்ட் ராப்பபோர்ட் 1963 முதல் 2012 வரையிலான அமெரிக்கச் சாவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். புயலில் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரில் இறந்தவர்கள். ஏறத்தாழ பாதிப் பேரைக் கரையேறிய கடல் கொண்டுபோயிற்று. கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோரை மழைவெள்ளம் கொண்டுபோயிற்று. காற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வரிசை மாறிவிட்டது. 2013 முதல் 2022 வரை மழைவெள்ளம் மட்டுமே பாதிக்கு மேல். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை ஊர்களும் இப்போது இந்தக் கணக்கில் வருகின்றன. 2024 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன், வட கரோலினா மலைப்பகுதியில் ஆற்றையும் மண்சரிவையும் கட்டவிழ்த்துவிட்டது. 'நாங்கள் கடற்கரையில் இல்லையே' என்பது இனிக் காப்பல்ல.

தண்ணீர் வரும் இடத்தில் இருக்கும் வீட்டுக்கு முன்னேற்பாடு என்பது ஒன்றே ஒன்று: அங்கே இல்லாமல் இருப்பது. எந்தப் பலகையும் எந்த டின் உணவும் அதற்கு ஈடாகாது. இதைச் சொல்லும்போது வரும் மறுப்பு லேசானதல்ல. 2005-இல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை அழித்து மூன்றே வாரத்தில் ரீட்டா டெக்சாஸை நோக்கி வந்தது. பீதியில் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்ப, நெடுஞ்சாலைகள் நாள்கணக்கில் உறைந்தன. வெயிலில் மயங்கியும், முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்தும், நூறு பேருக்கு மேல் அந்த வெளியேற்றத்திலேயே இறந்தார்கள். புயல் நேரடியாகக் கொன்றவர்கள் மிகச் சிலர். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் ஹார்வி வந்தபோது ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரைக் காலி செய்யச் சொல்லாததற்கு இந்த நினைவும் ஒரு காரணம். கிளம்புவது ஆபத்து, இருப்பதும் ஆபத்து என்றால் வீட்டுக்காரர் என்னதான் செய்வார்? அதற்கு விடை, யார் கிளம்ப வேண்டும் என்ற பிரிவினையில் இருக்கிறது. ரீட்டாவின்போது சாலையை அடைத்தவர்களில் பெரும் பகுதியினர் கடல் எட்டாத இடத்தில் வசித்தவர்கள். தண்ணீரென்றால் ஓடு, காற்றென்றால் பதுங்கு என்று அங்கே அவசரகாலப் பணியாளர்கள் சொல்வது இந்தப் பிரிவினையைத்தான். மாவட்ட நிர்வாகங்கள் வெளியேற்ற மண்டலங்களுக்கு எழுத்தோ எண்ணோ இட்டு வரைபடம் வெளியிடுகின்றன. தன் வீடு எந்த மண்டலம் என்பதை மே மாதத்திலேயே தெரிந்துவைத்திருப்பவர், செய்தி வந்ததும் இருநூறு மைல் ஓட வேண்டியதில்லை. மேடான பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு இருபது மைல் போனால் போதும்.

இன்னொரு நுணுக்கம் நேரம். 2022-இல் இயன் ஃபுளோரிடாவின் லீ மாவட்டத்தைத் தாக்கியபோது வெளியேறும் ஆணை கரையேற்றத்துக்கு முந்தைய நாள்தான் வந்தது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் 10 அடிக்கு மேல் ஏறியது. மூழ்கி இறந்தவர்களில் முதியவர்களே மிகுதி. கத்ரீனாவிலும் லூசியானாவில் இறந்தவர்களில் பாதிப் பேர் 75 வயது கடந்தவர்கள். ஆணை வந்தபின் முடிவெடுக்கும் வீடு, நடக்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போது தாமதமாகிவிடுகிறது. எங்கே போவது, யார் வண்டி, சக்கர நாற்காலி அதில் ஏறுமா, நாயை எங்கே விடுவது என்பதெல்லாம் சில்லறை விஷயம்போல் தோன்றும். கத்ரீனாவில் வளர்ப்புப் பிராணியை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் கணிசம் என்று தெரிந்தபின், மீட்புத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது.

காற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே நாடா ஒட்டும் வழக்கம் பயனற்றது. கண்ணாடி உடையும், துண்டுகள்தான் பெரிதாக விழும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ தெற்கு ஃபுளோரிடாவைத் தரைமட்டமாக்கிய பின் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது என்னவென்றால், கார் நிறுத்தும் அறையின் அகலக் கதவோ ஒரு ஜன்னலோ முதலில் உள்வாங்குகிறது, உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்குகிறது, கூரை போனதும் சுவர் நிற்பதில்லை. அதனால் கடைசி நாள் பலகையைவிட, முந்தைய ஆண்டுகளில் அந்தக் கதவை வலுப்படுத்தியதும் கூரையைச் சுவரோடு உலோகப் பட்டையால் பிணைத்ததும் வீட்டைக் காக்கின்றன. ஆண்ட்ரூவின் பாடத்தால் 2002-இல் ஃபுளோரிடா முழுமைக்கும் ஒரே கட்டட விதி வந்தது. வாடகைக்கு இருப்பவரால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

வானம் வெளுத்த பிறகுதான் என் வாதத்தின் பாரமான பகுதி தொடங்குகிறது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவின் யாபுகோவா ஊரில் நான்காம் வகையாகக் கரையேறித் தீவைக் குறுக்கே கடந்தது. தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. அரசு முதலில் அறிவித்த இறப்பு எண்ணிக்கை 64. அடுத்த ஆண்டு மே மாதம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் நேரில் விசாரித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கத்துக்கு மேல் இறந்தவர்கள் 4,645 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மாதிரிக் கணக்கு என்பதால் அதன் பிழை வரம்பு மிக அகலமானது. கீழே 793, மேலே 8,498. ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அரசின் வேண்டுகோளின்பேரில் பதிவேடுகளை அலசி 2,975 என்றது; அரசும் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது. எந்த எண்ணைப் பிடித்தாலும் 64-க்கும் அதற்கும் நடுவே ஆயிரக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காற்றில் பறந்தவர்களோ கூரை விழுந்து நசுங்கியவர்களோ அல்லர். ஹார்வர்டு ஆய்வில் சொல்லப்பட்ட இறப்புகளில் மூன்றில் ஒன்று, மருத்துவம் கிடைக்காமலோ தாமதமாகியோ நேர்ந்தது. அந்த ஆண்டு முடியும்வரை எடுத்த கணக்கில் ஒரு வீடு சராசரியாக 84 நாள் மின்சாரமில்லாமலும், 68 நாள் தண்ணீரில்லாமலும், 41 நாள் கைபேசித் தொடர்பில்லாமலும் இருந்திருக்கிறது. கடைசி வீடுகளுக்கு விளக்கெரிய ஏறத்தாழ பதினொரு மாதம் ஆயிற்று. மூன்று நாளுக்கான பை ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டு 84 நாளைச் சந்தித்தவர்களின் கதை இது.

போர்ட்டோ ரிக்கோவின் மின்கட்டமைப்பு ஏற்கெனவே நொடிந்து கிடந்தது, அதைப் பொதுவிதியாக்கக் கூடாது என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் வளமான இடங்களின் கணக்கும் வேறுமாதிரி இல்லை. அதே செப்டம்பரில் இர்மா ஃபுளோரிடாவைத் தாக்கியது. ஹாலிவுட் என்னும் ஊரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் குளிரூட்டும் எந்திரம் மட்டும் நின்றது. மூன்றாம் நாள் முதல் அங்கிருந்தவர்கள் வெக்கையில் ஒவ்வொருவராக இறந்தார்கள், மொத்தம் 12 பேர். தெருவுக்கு எதிரே மின்சாரத்தோடு ஒரு பெரிய மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இல்லங்கள் 96 மணி நேரத்துக்கு அறையை 27 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் வைத்திருக்கும் அளவு ஜெனரேட்டரும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும் என்று அதன்பிறகு சட்டமாயிற்று. 2024 ஜூலை 8 அன்று பெரில் டெக்சாஸில் கரையேறியபோது அது வெறும் முதல் வகை. ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கோடை உச்சியில் ஒரு வாரம் கடந்தும் இருளில் கிடந்த வீடுகள் உண்டு. வெப்பத்தால் இறந்தவர்கள் அந்தப் புயலின் கணக்கில் ஏறினார்கள். எண்ணெய்த் தொழிலின் தலைநகரில், முதல் வகைப் புயலில் இது நடந்தது.

2024 அக்டோபரில் நேச்சர் இதழில் ரேச்சல் யங், சாலமன் ஷியாங் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நெடுங்காலத்துக்கு இழுத்துச் செல்கிறது. 1930 முதல் 2015 வரை அமெரிக்காவைத் தொட்ட 501 புயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பின் பதினைந்து ஆண்டுவரை இறப்பு வீதம் எப்படி நகர்ந்தது என்று பார்த்தார்கள். அரசுக் கணக்கில் ஒரு புயலுக்குச் சராசரி 24 சாவு. இவர்கள் மதிப்பீட்டில் 7,000 முதல் 11,000 வரை. இத்தனை நீண்ட காலத்தில் ஒரு சாவையும் 'இது புயலால்' என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. புள்ளியியல் மாதிரி சொல்வதை அப்படியே விழுங்க வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அதைப் பாதிக்குப் பாதி, அதற்கும் பாதி என்று குறைத்துப் பார்த்தாலும், சேமிப்புக் கரைந்து, வேலை போய், பூஞ்சை பிடித்த வீட்டில் மருத்துவத்தைத் தள்ளிப்போட்டு வாழும் ஆண்டுகள் உடம்பைத் தின்கின்றன என்ற திசை மாறாது.

இருட்டைச் சமாளிக்க வாங்கும் கருவியே கொல்வதும் உண்டு. 2020 ஆகஸ்டில் லாரா 240 கிலோமீட்டர் வேகத்தில் லூசியானாவில் கரையேறியது. தொடக்கத்தில் பதிவான இறப்புகளில் பாதிக்கு மேல், ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவை. மழை நனைக்குமே, திருடன் தூக்கிப் போவானே என்று அதைக் கார் ஷெட்டிலோ வராந்தாவிலோ வைத்து ஓட்டுகிறார்கள். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு தூங்குகிறவர்களை எழுப்புவதில்லை. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெட்டவெளியில் வைக்க வேண்டும் என்பது நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. அப்படியானால் அவ்வளவு நீளமுள்ள கனத்த மின்கம்பியும், வீட்டுக்குள் பேட்டரியில் இயங்கும் வாயு எச்சரிக்கைக் கருவியும் ஜெனரேட்டரோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை. கடையில் யாரும் அவற்றைச் சேர்த்து விற்பதில்லை. ராப்பபோர்ட்டும் சக ஆய்வாளர் பிளான்சார்டும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புயலோடு மறைமுகமாகத் தொடர்புள்ள இறப்புகள் நேரடி இறப்புகளை நெருங்கும் எண்ணிக்கையில் இருந்தன. மாரடைப்பு, சாலை விபத்து, மின்சாரம் தொடர்பானவை என்று அவை வரிசைப்படுகின்றன. கூரை ஏறி ஓட்டைப் பார்க்கிறவர், மோட்டார் வாளால் விழுந்த மரத்தை முதல்முறையாக அறுக்கிறவர், அறுந்த கம்பி கிடக்கும் தண்ணீரில் கால்வைக்கிறவர், எல்லோரும் புயலிலிருந்து தப்பியவர்கள்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து ஒரு வீட்டின் ஏற்பாட்டை நினைத்தால் பொருள்களின் பட்டியல் அப்படியொன்றும் மாறாது. முதலில் எதைப் பார்ப்பது என்ற வரிசை தலைகீழாகும். முதலிடம் மருந்துக்கு. அவசரநிலை அறிவிக்கப்பட்டால் பழைய மருந்து தீரும் முன்பே 30 நாள் மருந்தை வாங்கிக்கொள்ள ஃபுளோரிடா சட்டம் இடம் கொடுக்கிறது. ஃப்ரிட்ஜ் நின்றால் இன்சுலின் உடனே வீணாகிவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. 30 பாகைக்குள் இருந்தால் 28 நாள்வரை பயன்படுத்தலாம் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டல். அந்த 30 பாகையைக் கரண்ட் இல்லாத ஆகஸ்டில் காப்பதுதான் பாடு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு நாள் கணக்கு இன்னும் குறுகியது. 2012-இல் சாண்டி புயலுக்கு ஓரிரு நாள் முன்பே டயாலிசிஸ் செய்துகொண்ட நியூயார்க், நியூ ஜெர்சி நோயாளிகளிடையே அடுத்த ஒரு மாதத்தில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறைவாக இருந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற ஏற்பாடு இது. மரியாவுக்குப் பின் வியேக்கஸ் தீவிலிருந்த ஒரே மருத்துவமனை வீணாகி, அங்கிருந்த சிறுநீரக நோயாளிகள் வாரம் மூன்று முறை விமானமேறிப் பெரிய தீவுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. மருந்துக்கு அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு என்பது வழக்கமான கணக்கு. முடிந்தால் இரண்டு வாரத்துக்கு என்கிறார்கள். ஹெலீனுக்குப் பின் ஆஷ்வில் நகரக் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் திரும்ப 53 நாள் பிடித்தது என்பதோடு வைத்துப் பார்த்தால் இரண்டு வாரம்கூடக் கஞ்சத்தனம். உணவு கடைசி. கதவைத் திறக்காவிட்டால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு குப்பைதான். ஒரு வாரம் பட்டினி கிடந்து இறந்தவர்கள் இந்தப் பதிவுகளில் ஏறத்தாழ இல்லை. கடைகளில் முதலில் தீர்வதோ ரொட்டி.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பது தமிழ்நாட்டுக் கரையோரத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தபின் கைப்பம்பை மறந்துவிட்ட ஊர்களில், காலடியில் நீர் இருந்தும் குடத்தில் நீரில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாய் வந்து, காசு வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். அங்கே எச்சரிக்கையும் வெளியேற்றமும் பெருமளவு வேலை செய்தன; தடுமாறியது அதற்குப் பிந்தைய நாள்களில்தான்.

பணமும் காகிதமும் தனி அத்தியாயம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது உயிர்பெறும். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது. ஹார்வியில் மூழ்கிய வீடுகளில் பெரும்பான்மைக்கு அது இல்லை, ஹெலீன் தாக்கிய மலை ஊர்களில் மிக மிகச் சிலருக்கே இருந்தது. 'காற்றால் வந்த சேதமா, தண்ணீரால் வந்த சேதமா' என்று காப்பீட்டு நிறுவனங்களோடு வழக்காடியே கத்ரீனாவுக்குப் பின் பலருக்கு ஆண்டுகள் கழிந்தன. அதனால் வெயிலடிக்கும் ஒரு நாளில் ஒவ்வோர் அறையையும் கூரையையும் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவைப்பது பிளைவுட் பலகைக்குச் சற்றும் குறைந்த பாதுகாப்பு அல்ல. போர்ட்டோ ரிக்கோவில் பாட்டன் கட்டிய வீட்டில் பட்டாவோ பத்திரமோ இல்லாமல் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். உரிமையை நிரூபிக்க முடியாததால் அவர்களில் பலரின் நிவாரண மனு தள்ளப்பட்டது. விமர்சனம் முற்றி, 2021-இல்தான் கூட்டரசின் அவசரகால முகமை வேறு வகைச் சான்றுகளையும் ஏற்கத் தொடங்கியது. நனைந்த சுவரும் மெத்தையும் ஓரிரு நாளில் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று காத்திருப்பவர்கள் வீட்டையும் உடல்நலத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு உடனே அகற்றலாம்.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு வேறிடத்திலிருந்து வரும். மாதக் கடைசியில் மருந்துக்கே காசில்லாதவரிடம் ஒரு மாத மருந்தைச் சேமி, கூரையைப் பிணை, காப்பீடு எடு என்பது உபதேசம். அரசு செய்ய வேண்டியதை வீட்டின் தலையில் கட்டும் தந்திரம். இந்த மறுப்பில் உண்மை நிறைய இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் ஆய்வில் மரியாவுக்குப் பின் மிக ஏழை ஊர்களிலும் முதிய ஆண்களிடமும்தான் இறப்பு வீதம் நீண்ட நாள் இறங்காமல் நின்றது. கியூபா இதன் மறுபக்கம். 1963-இல் ஃப்ளோரா அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற பின், குடிமைப் பாதுகாப்பு அமைப்பைத் தெரு மட்டம்வரை கட்டினார்கள். யார் வீட்டில் கர்ப்பிணி, யார் வீட்டில் படுத்த படுக்கை என்பது வட்டார மருத்துவரின் பதிவேட்டில் இருக்கும். ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன் ஒத்திகை நடக்கும். 2004-இல் ஐவன் வந்தபோது இருபது லட்சத்துக்குக் கிட்டத்தட்ட மக்களை இடம்பெயர்த்து ஓர் உயிர்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டது, அமெரிக்காவோடு ஒப்பிட மிக ஏழையான அந்த நாடு. ஆணையிட்டால் மறுக்க முடியாத ஆட்சியில் இது எளிது என்று ஒதுக்கிவிடலாம். பதிவேடும் ஒத்திகையும் ஆட்சிமுறையைச் சார்ந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும் என்பதும், அது வந்து சேரும்வரை வீட்டிலிருக்கும் பாட்டிக்கு மூச்சுக்கருவி ஓட வேண்டும் என்பதும் ஒன்றையொன்று ரத்துசெய்யும் வாக்கியங்கள் இல்லை. ஆனால் வீடு என்ற அலகு சிறியது என்பதை மறுப்பாளர் சரியாகவே பிடித்துவிட்டார். 84 நாள் இருட்டைத் தனி வீடு எதுவும் சேமிப்பறையால் வெல்ல முடியாது.

போர்ட்டோ ரிக்கோவிலேயே இதற்கு ஒரு விடை முயலப்படுகிறது. மலையூரான அட்ஜுன்டாஸில் 1980 முதல் இயங்கும் காசா புவெப்லோ என்ற சமூக அமைப்பின் கூரையில் 1999-இலிருந்தே சூரிய மின்தகடு உண்டு. மரியாவுக்குப் பின் ஊரே இருண்டபோது அந்தக் கட்டடத்தில் மட்டும் விளக்கெரிந்தது. மூச்சுக்கருவியை இயக்கவும் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் மக்கள் அங்கே வந்தார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு வீடுகளில் சூரிய ஒளியால் ஓடும் ஃப்ரிட்ஜ்களையும் விளக்குகளையும் பொருத்தத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் ஃபியோனா வந்து தீவின் மின்சாரம் மறுபடி மொத்தமாக அறுந்தபோது, கூரையில் தகடும் உள்ளே பேட்டரியும் வைத்திருந்த வீடுகள் பிழைத்துக்கொண்டன. அவற்றில் பல, கடன் கிடைக்கும் வசதியுள்ளவர்களின் வீடுகள் என்ற குறையும் அப்போது பேசப்பட்டது. 2023 மார்ச்சில் அட்ஜுன்டாஸ் நடுவூரில் பொதுச் சூரிய மின்வலை தொடங்கப்பட்டது. பத்துக்கு மேற்பட்ட கடைகள் அதில் இணைந்திருக்கின்றன. கட்டமைப்பு அறுந்தாலும் மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் திறந்திருக்கும், அக்கம்பக்கத்தார் அங்கே வந்து மருந்தைக் குளிரில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மரியா அளவிலான ஒரு புயல் அதன்மேல் இன்னும் வரவில்லை.